உணரி உணராது

சென்ஸார் என்றால் நம்மூரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது சினிமா. யு, யு/ஏ, ஏ. இந்த வாரம் அந்த சென்ஸார் இல்லை. சூடு, வெளிச்சம், அசைவு, அழுத்தம் என்று எதையாவது அளந்து மின்சாரமாக மாற்றித் தருகிற சின்னச் சமாசாரம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறோம் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. கலைச்சொல்காரர்கள் இதற்கு 'உணரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர். ஆனால் வில்லங்கமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ஒரு நண்பரின் புதுக் காரில் வந்துகொண்டிருந்தேன். சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. நண்பர் பழைய காலேஜ் கதை ஒன்றைச் சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். தருமபுரி தாண்டி, பாளையம் சுங்கச்சாவடி தாண்டி, தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கும்போது டாஷ்போர்டில் 'டிங்'. ஒரு காபி கோப்பைப் படம். 'களைத்துவிட்டீர்கள், ஓய்வெடுங்கள்' என்று அர்த்தம். மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த உற்சாகத்துக்கு இன்னும் நானூறு கிலோமீட்டர் ஓட்டுவார். சிரிக்கும்போது கண் சுருங்குகிறது, எதிர்வெயிலிலும் சுருங்குகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த குட்டிக் கேமரா அதைத் தூக்கம் என்று கணக்கெழுதிவிட்டது.

"சிரிச்சாக்கூட தூங்கறேங்குதுய்யா" என்று மறுபடி சிரித்தார். மறுபடி 'டிங்'.

அடுத்த ரெண்டாவது நிமிஷம் முன்னால் ஒரு லாரி. பின் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. பிரேக் கட்டை கருகும் வாசனை காருக்குள் வந்தது. வேகத்தைக் குறைத்துப் பின்தங்கினோம். அந்தப் புகையைப் பற்றி எங்கள் காரும் வாய் திறக்கவில்லை, அந்த லாரியிலும் எதுவும் 'டிங்' என்றிருக்காது.

இந்த இரண்டு நிமிஷத்தில் நான் சொல்ல நினைப்பது எல்லாமே இருக்கிறது. ஆனாலும் விவரமாகப் பார்க்கலாம். ஏனென்றால் நாளைக்கே உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்திலோ, குழந்தையின் ஸ்கூல் பஸ் கமிட்டியிலோ, ஆபீஸிலோ டை கட்டிய ஒருவர் ஒரு பெட்டியோடு வந்து, "இது ஆள் இருப்பதையும் கண்டுபிடிக்கும் ஸார், அவர் மனசையும் கண்டுபிடிக்கும்" என்று பவர்பாயின்ட் காட்டப்போகிறார். காசு உங்களுடையது.

முதல் பாதி சுலபம். ஆள் இருக்கிறாரா?

அபார்ட்மென்ட் மாடிப்படியில் நடந்தால் தானாக விளக்கு எரிகிறதே, அது பி.ஐ.ஆர். உணரி. நம் உடம்பு சதா அகச்சிவப்புக் கதிர் விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வெப்பம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்ந்தால் உணரி விழித்துக்கொள்ளும். கவனியுங்கள், வெப்பத்தை அல்ல, வெப்பத்தின் மாற்றத்தைத்தான் அது பார்க்கிறது. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை ஆளாகவே மதிக்காது, சில மானேஜர்கள் மாதிரி. பாத்ரூமில் உட்கார்ந்திருக்கும்போது விளக்கு அணைந்து, இருட்டில் கையை ஆட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்னொன்று, மே மாசம் சுவரும் நம் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது இதற்குக் கண் மங்கும். குளிர்தேசத்துக் காட்டலாக் கணக்கு கத்திரி வெயிலில் அப்படியே செல்லாது.

அசையாதவரையும் பிடிக்க வேண்டுமென்றால் மில்லிமீட்டர் அலை ரேடார். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறதே, அதைப் பார்த்துவிடும். பூட்டிய காரில் தூங்கும் குழந்தையை மறந்துவிட்டுப் போகிறவர்களுக்காக இதை வைக்கிறார்கள். நல்ல காரியம். அறையில் கரியமில வாயு ஏறுவதைப் பார்த்து ஆள் இருப்பதைச் சொல்லும் உணரியும் உண்டு. ஆனால் அது நிதானப் பேர்வழி. கூட்டம் கலைந்த பிறகும் கொஞ்ச நேரம் 'இருக்கிறார்கள்' என்றே சாதிக்கும். கார் ஸீட்டுக்கு அடியில் எடை பார்க்கும் உணரிக்கு உங்கள் மாமியாரும் ஒன்றுதான், அரிசி வாங்கிய கட்டைப்பையும் ஒன்றுதான். இரண்டையும் பெல்ட் போடச் சொல்லும்.

பெல்ட் என்றதும் ஒரு கதை. ஸீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறது அல்லவா? அதன் வாயை அடைக்க, பெல்ட்டைப் போடாமல் கொக்கியை மட்டும் சொருகிவைக்கும் கிளிப் ஒன்றை ஆன்லைனில் அமோகமாக விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டு அவற்றை எடுக்கவைத்தது. உணரி அளந்தது கொக்கியை. நமக்கு வேண்டியது மனிதனின் பத்திரம். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நம் ஆட்கள் ஒரு வியாபாரமே நடத்திவிட்டார்கள்.

எந்த உணரியும் நாம் கேட்கும் விஷயத்தை நேராக அளப்பதில்லை. அதற்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒன்றைத்தான் அளக்கிறது. ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியில் அந்தப் பக்கத்து வீடு பக்கத்திலேயே இருக்கிறது. சூடு, அசைவு, மூச்சு. தப்பினாலும் விளக்குதான் அணையும். மனசுக்கு வரும்போது பக்கத்து வீடு ஏழு தெரு தள்ளிப் போய்விடுகிறது.

மனசை அளக்க என்னென்ன விற்கிறார்கள்? உள்ளங்கை வியர்வையில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்க்கும் பட்டை. நாடித் துடிப்பு. குரலின் ஏற்ற இறக்கம். முகத்தைப் படிக்கும் கேமரா. வியர்வைப் பட்டை பொய் சொல்லாது. உடம்பு கிளர்ச்சியாக இருக்கிறது என்று சரியாகவே சொல்லும். அது பயமா, காதலா, மிளகாய் பஜ்ஜியா, எஞ்சின் சூட்டில் வேகும் லாரி கேபினா என்பது அதற்குத் தெரியாது.

பழைய பொய் கண்டுபிடிக்கும் கருவியும் இந்தக் குடும்பம்தான். மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை மூன்றையும் கிறுக்கிக் காட்டும். நிரபராதிக்கும் போலீஸ் ஸ்டேஷனில் வியர்க்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கும், மூளை வரைபடச் சோதனைக்கும், நார்கோ ஊசிக்கும் உட்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் உடம்பு நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல நிர்ப்பந்திக்கப்படக்கூடாது என்பது அதன் சாரம்.

முகம் படிக்கும் கேமராவின் மூதாதை பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். அறுபதுகளின் கடைசியில் பப்புவா நியூகினி வரை போய்ப் படங்களைக் காட்டி, கோபம், பயம், சந்தோஷம் போன்ற சில அடிப்படை உணர்ச்சிகளுக்கு உலகம் முழுக்க ஒரே முகம்தான் என்றார். 1978-ல் முகத் தசை அசைவுகளுக்கு நம்பர் போட்டு ஒரு பட்டியலும் வந்தது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு நம்பர் கிடைத்தால் போதாதா? பிடித்துக்கொண்டார்கள். 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் மேலும் நால்வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பிச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். கோபத்தில் இருப்பவர்கள் புருவத்தை நெரித்து முறைப்பது ஏறக்குறைய 30 சதவிகிதம்தானாம். மற்றவர்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், கல் மாதிரி இருக்கிறார்கள். முறைப்பவர்களில் பலருக்குக் கோபமே இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022 ஜூனில் மைக்ரோஸாஃப்ட் தன் முகம் காணும் சேவையிலிருந்து உணர்ச்சி சொல்லும் பகுதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது.

நம் தேசத்தில்? 2021 ஜனவரியில் லக்னோ போலீஸ், பெண்களின் முகத்தில் கலவரம் தெரிந்தால் பக்கத்து போலீஸுக்குத் தகவல் கொடுக்கும் கேமராக்களை நகரில் 200 இடங்களில் வைக்கப்போவதாக அறிவித்தது. எண்ணம் நல்லது. ஆனால் கல்யாணி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு முகம் வாடி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளைச் சுற்றி நாலு போலீஸ்காரர்கள் வந்து நின்றால் அப்புறம் நிஜமாகவே கலவரப்படுவாள்.

இந்த விஷயத்தில் என்னை ஆச்சரியப்படுத்துகிறவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைப் பட்டியல் போடுகிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. 'மெய்ப்பாடு' என்ற வார்த்தையே உடம்பில் தெரிவது என்றுதான். எக்மனுக்கு இதுவரை சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் சொல்கிறார். சிரிப்பு என்றால் எள்ளலில் வருவது, இளமையில் வருவது, பேதைமையில் வருவது, மடனில் வருவது. உதடு விரிவது ஒன்றுதான், காரணம் நாலு. காரணம் தெரியாமல் வெறும் உதட்டைப் பார்த்து முடிவுகட்டாதே என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சம்பள உயர்வு விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மேலதிகாரி சிரிக்கிறார். அது எந்தச் சிரிப்பு என்று தெரிவதில்தான் உங்கள் வாழ்க்கை இருக்கிறது. கேமரா 'மகிழ்ச்சி 92 சதவிகிதம்' என்று பச்சை விளக்கு காட்டும்.

தசமம் போட்டுச் சொன்னால் நாம் நம்பிவிடுகிறோம். ஒரு கணக்கு, கற்பனைக் கணக்குதான். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்லும் கோபம்காட்டி ஒன்றை வாங்குகிறீர்கள். ஆயிரம் டிரைவர்களில் பத்துப் பேர் நிஜமாகவே ஆபத்தான கோபத்தில் இருக்கிறார்கள். கருவி அதில் ஒன்பது பேரைப் பிடிக்கும். மீதி 990 சாதுக்களில் பத்தில் ஒரு பங்கு, 99 பேரையும் பிடிக்கும். மொத்தம் 108 அலறல், நிஜம் ஒன்பது. பன்னிரண்டுக்கு ஒன்று. மூன்றாம் நாள் டிரைவர் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார், கொக்கிக் கிளிப் மாதிரி.

அப்படியென்றால் டிரைவரைப் பார்க்கும் கேமராவே வேண்டாமா? வேண்டும். தூக்கம் உணர்ச்சியில்லை, உடம்பின் நிலை. ஒரு நிமிஷத்தில் இமை முக்கால்வாசிக்கு மேல் மூடியிருந்த நேரம் எவ்வளவு என்று அளக்கும் முறை தொண்ணூறுகளிலேயே அமெரிக்காவில் சோதனை செய்து தேறியது. ராத்திரியிலும் தெரிய அகச்சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று செகண்ட் கண்ணயர்ந்தால் லாரி ஐம்பது மீட்டர் தானாகப் போயிருக்கும். என் நண்பரின் கார் மாதிரி சிரிப்பில் ஏமாறும்தான். ஆனாலும் இந்தப் பக்கத்து வீடு நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புது வாகனங்கள் எல்லாவற்றிலும் தூக்க எச்சரிக்கை கட்டாயம். நம் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் பெரிய பஸ், லாரிகளுக்கு அதைக் கொண்டுவர 2025 மார்ச்சில் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதே ஐரோப்பாவில் 2025 பிப்ரவரியிலிருந்து வேலையிடத்திலும் பள்ளியிலும் கருவி வைத்து உணர்ச்சியைக் கணிப்பதற்குத் தடை, மருத்துவம், பாதுகாப்பு தவிர. டிரைவரின் களைப்பைப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது என்றும் அந்தச் சட்டத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். களைப்பு வேறு, கவலை வேறு என்று ஒரு சட்டம் கோடு கிழித்திருக்கிறது. டை கட்டியவரின் பவர்பாயின்ட்டில் அந்தக் கோடு இருக்காது.

மறுபடி தொப்பூருக்கு வருவோம். தருமபுரி மேட்டில் இருக்கிறது, சேலம் தாழ்வில். நடுவில் தேசிய நெடுஞ்சாலை 44 மலையை வளைத்து இறங்குகிறது. 2020 டிசம்பரில் கட்டுப்பாடிழந்த ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் மோதி நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடி, இரட்டைப் பாலத்தில். ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, தீப்பிடித்தது, மறுபடி நாலு பேர். அந்தக் காட்சியைக் கண்காணிப்புக் கேமரா துல்லியமாகப் பதிவு செய்திருந்தது. தமிழ்நாடே டி.வி.யில் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதாவது அங்கே உணரி இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தது. ஒருவரையும் காப்பாற்றவில்லை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது? நாற்பது டன் லாரி நூறு மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் கட்டை தலையில். கட்டை பழுக்கக் காய்ந்தால் பிடிமானம் போய்விடும். எஞ்சினையே அணைத்துவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுபோகும். மேலே பாரமும் அதிகமென்றால் கேட்கவே வேண்டாம். இதில் டிரைவர் கோபமா, குஷியா என்ற கேள்வி எங்கே வருகிறது?

அன்றைக்கு இறக்கம் முடிந்து ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஒரு லாரி டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வண்டியிலும் முதலாளி ஒரு கேமரா மாட்டியிருக்கிறாராம். எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"கொட்டாவி விட்டா ஓனருக்கு மெஸேஜ் போவுதுங்க. 'என்னய்யா தூங்கறியா'ன்னு போன் வரும். போன எடுத்தா, ஓட்டும்போது போன் பேசறேன்னு அதுக்கு ஒரு மெஸேஜ்."

"நிஜமாகவே தூக்கம் வந்தால்?"

"வருந்தானுங்க. அதுக்கு மெஸேஜ் எதுக்கு? ரெண்டு மணி நேரம் படுத்துக்கன்னு சொல்லணும். அத எந்தப் பொட்டியும் சொல்லாது." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "என்னப் பாத்துக்கிட்டே இருக்குதுங்க. பிரேக்க ஒருநாளாவது பாத்துச்சான்னு கேளுங்க."

பொறியியல் கல்லூரியில் நாலு வருஷம் சொல்லிக்கொடுக்கிற விஷயம்.

அவர் சொன்னதை அப்படியே தேர்வு விதிகளாக மாற்றிவிடலாம். பெட்டிக்காரர் வந்தால் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: உன் பெட்டி எதை அளக்கிறது? 'கோபத்தை' என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். 'புருவத் தசையை' என்றால் மேலே பேசலாம்.

இரண்டு: இந்த ஊர் வெயிலிலும், கறுப்புக் கண்ணாடியிலும், இருட்டிலும் அளந்து பார்த்திருக்கிறாயா?

மூன்று: தப்பாகச் சொன்னால் நஷ்டம் யாருக்கு? மாடிப்படி விளக்கு தப்பினால் யாருக்கும் சம்பளம் போகாது. டிரைவர் மேல் தப்பினால் போகும்.

நான்கு, இதுதான் முக்கியம்: சரியாகச் சொன்னால் அடுத்து என்ன செய்வோம்? தூக்கம் என்று தெரிந்தால் படுக்க இடமும், தாமதத்துக்கு மன்னிப்பும் உண்டா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதிவைத்தது. அதைப் பார்க்க அகச்சிவப்புக் கேமரா வேண்டாம், ஒரு சுவர்க்கடிகாரம் போதும். புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினில் ஏ.ஸி. கட்டாயமாகியிருக்கிறது. டிரைவரின் எரிச்சலை அளக்கும் எந்தக் கருவியைவிடவும் இது அந்த எரிச்சலைக் குறைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தொப்பூருக்கு உணரி வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறைய வேண்டும். வண்டியில் கியர் எங்கே இருக்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு, எவ்வளவு பாரம் என்று பார்ப்பவை வேண்டும். ரயில்வேயில் ஓடும் ரயிலின் அச்சுப்பெட்டி சூடாகிறதா என்று தண்டவாள ஓரத்திலிருந்தே பார்க்கும் அகச்சிவப்பு உணரிகள் இருக்கின்றன. மாடிப்படி விளக்கின் அதே அகச்சிவப்புதான். இறக்கம் ஆரம்பிக்கும் இடத்திலும் நடுவிலும் அப்படி ஒன்றை வைத்து, பிரேக் காய்ந்த வண்டியை ஓரங்கட்டி, டிரைவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லி ஆறவைத்து அனுப்பலாம். வடக்கேயிருந்து வருகிற டிரைவருக்குத் தமிழில் போர்டு வைத்து என்ன பிரயோசனம்? உயர்மட்டச் சாலைக்கும் திட்டம் எடுத்திருக்கிறார்கள். சாலை திருந்துவது எந்தப் பெட்டியையும்விட நல்லது. ஆனால் நியூட்ரல் ஆசை உயர்மட்டத்திலும் வரும்.

ஆரம்பத்தில் பெயரில் வில்லங்கம் என்றேன் அல்லவா? 'உணரி' என்று கூப்பிடுவதால் அது உணரும் என்று நினைத்துவிடுகிறோம். உணராது. அளக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் 'அளவி' என்று வைத்திருப்பேன். உணர்வது நம் வேலை. அதைப் பெட்டியிடம் கான்ட்ராக்ட் விட்டால் பெட்டி அளந்துகொண்டே இருக்கும், பாலத்திலிருந்து லாரி விழுவதையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்துத் தரும்.

டீக்கடையிலிருந்து கிளம்பும்போது நண்பர் மௌனமாகக் கார் ஓட்டினார். அந்தப் புகை விட்ட லாரி ஞாபகம் போலிருக்கிறது. முகம் இறுகியிருந்தது, கண் அகல விரிந்திருந்தது. சேலம் வரைக்கும் காபி கோப்பை வரவில்லை.

கார் அவர் ரொம்ப நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தது.